லோடு குறைவு, ஆனாலும் இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதே?

காட்பாடியிலிருந்து: கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் ஒரு எல்இடி பல்பும் மட்டும்தான் ஓடும், இரண்டும் சேர்ந்து 20 வாட்தான், பேட்டரியோ 12 வோல்ட் 150 ஆம்பியர் அவர், 1800 வாட் அவர் கணக்குக்கு 90 மணி நேரம் வரவேண்டாமா? பாதிகூட வரவில்லை.

பதில், சத்துவாச்சாரி: லோடே இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டருக்கென்று ஒரு செலவு உண்டு நண்பரே. ட்ரான்ஸ்பார்மர் இழப்பு, மாஸ்பெட் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் சிப்) ஸ்விட்சிங் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அது 20 வாட் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து எடுப்பதில் பாதிதான் உங்கள் லோடுக்குப் போகும், அதாவது செயல்திறன் 50 சதவீதம்தான், 400 வாட் லோடில் அதே இழப்பு பெரிதாகத் தெரியாது.

பதில், குடியாத்தம்: அண்ணா, ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து மினி யூபிஎஸ்ஸில் (ரவுட்டருக்கு நேரடியாக டிசி கொடுக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) போடுங்கள், அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரியின் டிசியை ஏசியாக்கி மறுபடி டிசியாக்கும் வீண்வேலை இருக்காது. அப்புறம், வேலூர் வெயிலுக்குப் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் குறையும், அதையும் பாருங்கள்.