வானகச் செல்வம் யாருக்குச் சொல்லப்பட்ட போதனை?

வடமராட்சியான்:
லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் மூடச் செல்வனின் உவமையை முன்வைத்து இவ்விவாதத்தைத் தொடங்குகிறேன். விளைச்சல் பெருகியதும் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட அம்மனிதனிடம், இன்றிரவே உன் உயிர் எடுக்கப்படும், நீ சேர்த்தவை யாருடையவையாகும் என்று கடவுள் கேட்கிறார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களாகிய நாம் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். புதுமனை குடிபூரல் முடிந்த கையோடு பூட்டுத் தொங்கும் மாடி வீடுகள் நம் ஊர்களில் பெருகுகின்றன. கலியாணப் பேச்சில் காணி, நகை, டொனேசன் எனப்படும் சீதனக் காசு என்று வரும்போது, வேதக்காரர் வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை. ஆன்மிகச் செல்வமே முதன்மையானது என்பதை நாம் வாயால் மட்டுமே ஏற்றிருக்கிறோம் என்பது என் வருத்தம்.

கரையூரான்:
அண்ணை, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும் முழுமையாக ஏற்க இயலவில்லை. மண்ணுலகச் செல்வம் நிலையற்றது என்பதை எங்கள் சனத்துக்கு யாரும் பிரசங்கித்துத் தெரிவிக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் இடம்பெயர்ந்து வலிகாமப் பகுதியே ஒரே வீதியில் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, அது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதன்பின் எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் கையில் கிடந்த காப்புகள்தாம். கிளிநொச்சியில் அவற்றை வாங்கியவர் உரைகல்லில் தேய்த்தபோது, அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் காசு தம்பியின் மலேரியா மருந்துக்கும் பால்மாவுக்கும் போயிற்று. அந்தத் தங்கத்தை மூடச் செல்வனின் களஞ்சியத்தோடு சேர்த்து எண்ண நான் சம்மதிக்க மாட்டேன். நுண்கடன் கட்ட வழியின்றிக் கதவை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், உன் செல்வம் வானகத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது, உடையும் உணவும் இல்லாதவரை வெறும் வாழ்த்தோடு அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் கேட்கிறாரே, அதே செயல்தான்.

உடுவில் சபையார்:
ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை எழுந்தது அமெரிக்கச் சபையார் அனுப்பிய காசினால். அதே மிஷன் சபைகளில் நம் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கிவைத்து ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். பொருளின்றி இவை எதுவும் நடந்திராது.

வடமராட்சியான்:
தம்பி, உங்கள் அம்மாவின் காப்பை நான் குறை சொல்லவில்லை. அது பிள்ளைகளுக்காகக் கழற்றிக் கொடுக்கப்பட்டது. உவமையில் வருபவனோ என் விளைச்சல், என் களஞ்சியம் என்று தன்னோடு மட்டுமே பேசுகிறான். டச்சுக்காரர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்றார். தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் துறவியர் நெல்லிரசம் செய்து விற்றார்கள். உழைப்பு உண்டு, விற்பனை உண்டு, ஆனால் எனது என்று வைத்துக்கொள்ள எதுவுமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். அந்த உவமை பிறந்ததே ஒரு சொத்துத் தகராறில். சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டபோது, இயேசு நடுவராக இருக்க மறுத்துவிட்டு, பேராசையைக் குறித்து எச்சரித்தார். இரண்டு பரப்புக் காணிக்காக, வேலியோரத்துப் பனைக்காக, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குவதும், ஞாயிறு தோறும் ஒரே கோவிலில் ஆளுக்கொரு பக்கம் இருந்து நற்கருணை வாங்குவதும் எத்தனை ஊர்களில் நடக்கின்றன! பணக்காரருக்கு மட்டும் உரிய போதனை என்று இதை ஒதுக்கிவைக்க இயலாது.

கரையூரான்:
துறவியர் அந்த வாழ்க்கையைத் தாமாகத் தேர்ந்துகொண்டவர்கள். வலை கிழிந்து கரையில் இருப்பவர் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. இவ்விருவரின் இல்லாமையையும் ஒரே வரியில் புகழ்வதுதான் எனக்கு உறுத்துகிறது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் கடைசி அதிகாரமும் செல்வரைப் பார்த்தே, நற்செயல்களில் செல்வராகுங்கள், தாராளமாகப் பகிருங்கள் என்கிறது. காணி வழக்கிலும் நான் கேட்பது இதுவே: சகோதரனைப் பற்றி இயேசுவிடம் முறையிட்டவன் உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவனாக இருந்தால்? இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது எல்லை மாறியிருந்த குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் சபை பேராசையைப் பற்றி மட்டும் பேசினால், வேலியைத் தள்ளிப் போட்டவருக்கே அது வசதியாக முடியும்.

வடமராட்சியான்:
வேலி பழைய இடத்துக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் வரிதண்டுவோர் தலைவரான சக்கேயுவும் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னதோடு நில்லாமல், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகே இயேசு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார். இதைச் செல்வரின் முகத்துக்கு நேரே சொல்லாத பிரசங்கம் அரைகுறையானது என்ற உங்கள் குற்றச்சாட்டை ஏற்கிறேன். ஆனால் உரிய பங்கு கைக்கு வந்த பிறகும் அண்ணனின் செத்தவீட்டுக்குக்கூடப் போகாத தம்பியரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் அந்த உவமை வாசிக்கப்பட வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.