குடும்பக் குழு: நிலாவோட ரிப்போர்ட்

நிலா: எல்லாருக்கும் வணக்கம். ரிப்போர்ட் திங்கட்கிழமைக்குள்ள அனுப்பணும். ஞாயித்துக்கிழமை கார்த்தி அண்ணா 12 நிமிஷம் ஓடுனப்ப கணக்கு எழுதுன பேப்பர் யார்கிட்ட இருக்கு? போட்டோ எடுத்துப் போடுங்க. 9 மணிக்கு இங்க கரண்ட் போயிடும்

மோல்மேன் சித்தி (பர்மாவுல மோல்மேன் ஊர்): என்ன ரிப்போர்ட்

அம்மா: ஆன்லைன்ல படிக்கிறாளே, அதுக்கு. ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரரோட உடல் தகுதியச் சோதிச்சு எழுதணுமாம்

மல்லிகா அத்தை: சனிக்கிழமை காவடிக்கு 2 பஸ் பேசியாச்சு. பால்குடம் யார் யாருன்னு இன்னும் 7 பேர் சொல்லல

கார்த்தி: பேப்பர் சட்டைப் பையில இருந்துச்சு. அம்மா துவைச்சுட்டாங்க

நிலா: அண்ணா!!

மணி மாமா: என் நோட்டுல இருக்கும்மா. 200 மீட்டர் சுத்து, 11 சுத்து முடிச்சு 120 மீட்டர். மொத்தம் 2320

பெரியப்பா: 2600னு போடு. ஜனவரியில 2560 ஓடுனவன். இந்தத் தடவை ஏதோ சோர்வு

தாத்தா: 66ல பாங்காக் ஆசிய விளையாட்டுல நம்ம பர்மா ஃபுட்பால் டீம் தங்கம் வாங்குச்சு. 70லயும். அப்ப யாரு இப்படி டெஸ்ட் வச்சா

மணி மாமா: 70ல தென் கொரியாவோட சேர்ந்து வாங்குனது மாமா. இந்த 12 நிமிஷ ஓட்டத்த கூப்பர்ங்கிற டாக்டர் 1968ல அமெரிக்க விமானப்படைக்காகக் கொண்டுவந்தார். நிலா, கேட்டுக்கோ. ஓடுன தூரத்துல 504.9 கழிச்சு 44.73ஆல வகுத்தா உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்துற அதிகபட்ச அளவு உத்தேசமா வரும். ஜனவரிக்கு 45.9. இப்ப 40.6. இவன் வயசுக்கு 2400க்கு மேல ஓடுனா நல்ல தகுதி, 2200லேர்ந்து அதுவரைக்கும் சராசரி. நம்பரை மட்டும் எழுதி விட்டுடாத. எத்தனை மணி, வெயில் எப்படி, தரை எப்படி, முன்னாடி என்ன சாப்பிட்டான், எல்லாம் செய்முறைப் பகுதியில வரணும். ஜனவரியில காலை 6 மணிக்கு ஓடுனான், இப்ப 10 மணிக்கு. அது ஒண்ணுக்கே தூரம் குறையும்

மோல்மேன் சித்தி: 🙏

அம்மா: அத்தனை வெயில்ல ஓட விட்டீங்களா

நிலா: 8வது சுத்துலயே அண்ணா இடுப்புல கை வச்சுட்டார். கோடு போட்ட கோலமாவு முழங்கால் வரைக்கும் ஒட்டியிருந்துச்சு. நான் வேர்வைன்னுதான் நெனச்சேன்

அப்பத்தா: என் கோலமாவ எடுத்தது நீதானா

மல்லிகா அத்தை: அவன் காவடி விரதத்துல இருக்கான்ல? அன்னைக்கு 12ஆம் நாள்

நிலா: அண்ணா, ஏன் சொல்லல?

கார்த்தி: நீ கேக்கலையே. காலைல ஒரு டம்ளர் மோர் குடிச்சேன்

நிலா: சோதனைக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வித்தாள்ல இது இருக்கு. வீட்டு ஆள்தானேன்னு கேக்காமலே நானே டிக் போட்டுட்டேன். மயக்கம் போட்டு விழுந்திருந்தா? மன்னிச்சுக்கோங்க அண்ணா. நான் கேக்காததையும் ரிப்போர்ட்ல எழுதுறேன்

பெரியப்பா: விரதம் சாமிக்கும் அவனுக்கும் உள்ளது. வெளிநாட்டு வாத்தியாருக்கு எதுக்கு? 2600 போட்டா முடிஞ்சது

மணி மாமா: மச்சான், இல்லாத தூரத்த எழுதுனா அடுத்து அவ எழுதுற பயிற்சியும் தப்பாப் போகும். அதை நம்பி ஓடப்போறது உங்க பையன்தான்

பெரியப்பா: எம்பையன டீம்ல இருந்து உக்கார வச்சவர்தானே நீங்க

மணி மாமா: கணுக்கால் வீங்கியிருந்துச்சு. மறைச்சுட்டு வந்தான். உக்கார வச்சேன். இன்னைக்கும் அதைத்தான் செய்வேன்

மல்லிகா அத்தை: பால்குடம் 5 பேர் பாக்கி

கார்த்தி: அப்பா, வீங்கித்தான் இருந்துச்சு

(கரண்ட் போனதுல அரை மணி நேரம் யாரும் எழுதல)

நிலா: 2320ன்னே எழுதுறேன். விரதம், 10 மணி வெயில் ரெண்டையும் காரணமாச் சேர்க்குறேன். பெயர் போடல, "22 வயது நடுகள ஆட்டக்காரர்" மட்டும்தான். விரதத்தப் பத்தி எழுதலாமான்னு அண்ணாதான் சொல்லணும்

கார்த்தி: எழுது

மணி மாமா: பரிந்துரையில மறு சோதனைன்னு போடு. காவடி இறக்கி ரெண்டு வாரம் கழிச்சு, காலை 6 மணிக்கு, அதே மைதானத்துல, அதே சுத்துல

அம்மா: ரெண்டு வாரம் கழிச்சு தட்டோன் ஊர்ல கல்யாணம் இருக்கே

மோல்மேன் சித்தி: அது எந்தத் தேதி? எனக்கு யாரும் சொல்லல

மல்லிகா அத்தை: சொன்னேனே

நிலா: அப்ப சோதனை எப்ப வைக்கிறது?

தாத்தா: சுண்ணாம்பு வாங்கித் தரேன். கோலமாவ விட்டுடு

பெரியப்பா: நிலா

பெரியப்பா: அந்த மோர அவன் குடிக்கல. டம்ளர் அப்படியே இருந்துச்சு, நான்தான் எடுத்துக் கொட்டுனேன். அதையும் சேத்து எழுதும்மா