பெரிய வீட்டு நாடகம்: மேடை வளவுக்குள் வேண்டாம்

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டில் நம் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டுக்கு ஓடு மாற்ற நாடகம் போட்டுப் பணம் சேர்க்கலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் மேடையை வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், போட வேண்டாம். முகப்புக்கு எதிரே இருக்கும் பொட்டலில் போடுவோம்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் இது கோடைக்கால வழக்கம். 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் பழைய மாளிகைகள் பலவற்றில் புல்வெளியிலேயே ஷேக்ஸ்பியர் நடக்கும். மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை, மழைக்கோட்டு சகிதம் ஜனங்கள் வருவார்கள். லார்ட் சேம்பர்லின்ஸ் மென் என்று ஒரு குழு, பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதுசா என்ன! அங்கே எனக்குப் பிடித்தது, வந்த கூட்டம் வீட்டைப் பார்க்கிறதே தவிர உள்ளே போய் மிதிப்பதில்லை.

வளவுக்குள் விட்டால் என்ன ஆகும்? சீரியல் லைட் கட்ட எவனாவது ஆணி அடிப்பான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் அது. பெயர்ந்த இடத்தில் கொத்தனார் சிமெண்டை அப்பிவிட்டுப் போவார். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது, சுற்றியுள்ள சுண்ணாம்பும் உதிர ஆரம்பிக்கும். வீட்டைக் காப்பாற்றப் போட்ட நாடகமே அதற்கு வினையாகிவிடும்.

நாடகம் என்றால் வள்ளி திருமணம்தான், வேறு பேச்சே வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர் என்று வந்து, ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய ஆடுவார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடு பிடித்தால் பொட்டலில் ஒருவர்கூட எழுந்து போகமாட்டார்.

சரி, பணம்? நம் ஊரில் நாடகத்துக்கு டிக்கெட் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள், போடவும் கூடாது. திருவிழா உபயம் மாதிரி செலவை வெளியூரில் இருக்கும் நாம் ஏற்போம். அன்று பகலில் வீட்டைச் சுற்றிக் காட்ட மட்டும் கட்டணம், அதுவும் சின்னச் சின்னக் குழுவாக, செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு. அந்த வசூலும் நன்கொடையும் அப்படியே கூரைக்குப் போகட்டும். ஒழுகலை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். பர்மா தேக்கானாலும் ஓயாமல் நனைந்தால் உளுத்துத்தான் போகும்.

செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே ஏறிவிட்டன. பட்டியலில் பேர் வந்ததால் எந்த வீட்டு ஒழுகலும் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் பிரித்த வீடுகளின் கதவு நிலைகளும் தூண்களும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தேதி மழை முடிந்த பிறகு, முன்னோரை வழிபடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும் சமயமாக இருந்தால் நல்லது. வீட்டில் பங்குள்ள எல்லாப் புள்ளிகளிடமும், அதாவது ஒவ்வொரு குடும்பத்திடமும், முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவர் முறுக்கிக்கொண்டால் எல்லாம் நின்றுபோகும். ஊரில் இருக்கும் யாராவது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அழைத்துப்போய்க் கூரைக்கு மதிப்பீடு வாங்கி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு உபயத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.