முதல் வேலை: செயற்பாட்டுப் பிரிவா, ஆலோசனை நிறுவனமா?

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் முகாமைத்துவப் பட்டப்படிப்பை முடித்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் எனக்கு இரண்டு நியமனக் கடிதங்கள் வந்துள்ளன. ஒன்று, பியகம ஏற்றுமதி வலயத்திலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றின் செயற்பாட்டுப் பிரிவு. மற்றையது, கோட்டையில் இயங்கும் முகாமைத்துவ ஆலோசனை நிறுவனம்.

பயிலுனராக இருந்த காலத்தில், பொதிப் பட்டியலில் இரண்டு பெட்டிகள் வித்தியாசப்பட்டதால் துறைமுகத்துக்குப் புறப்படவிருந்த கொள்கலன் ஒன்று வாயிலிலேயே நின்றுவிட, களஞ்சியப் பொறுப்பாளர் ஐயாவுடன் இரவு 11 மணிவரை நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணி முடித்தேன். செய்த வேலையின் பலன் அன்றே கண்முன் தெரிந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆலோசனைத் துறையில் வங்கி, தேயிலை, சுற்றுலா என்று பல துறைகளைக் குறுகிய காலத்தில் கற்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்த பரிந்துரை பின்னர் என்னவானது என்பதைக் காணும் வாய்ப்புக் குறைவு என்பதே என் தயக்கம்.

சம்பளத்தில் பெரிய வேறுபாடில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கான தொழில்தருநரின் 12 வீதப் பங்களிப்பு சட்டப்படி இரண்டிலும் உண்டு. செயற்பாட்டுப் பிரிவில் தொடங்கி, சில ஆண்டுகளின் பின்னர் ஆலோசனைத் துறைக்கு மாறியவர்கள் இங்கு இருந்தால், அந்த மாற்றம் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அறியத் தாருங்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது; தொழிற்சாலையில் அது தடையாகுமா? வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.