அம்மாவின் வீட்டுக்கு ஸ்மார்ட் கருவிகள்: வாங்கலாமா, வேண்டாமா?

களுவாஞ்சிகுடியான்

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடி வீட்டில் 71 வயதான அம்மா தனியாக இருக்கிறார். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அண்ணன் கனடாவில் இருக்கிறார். அம்மா காலையில் நீர்ப்பம்பியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுகிறார். தாங்கி நிரம்பி வழிந்து, குளியலறைச் சுவர் முழுவதும் பாசி பிடித்துவிட்டது. சென்ற ஆண்டு பின்வாசற்படியில் வழுக்கி விழுந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா வந்து தூக்கும்வரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் அங்கேயே கிடந்திருக்கிறார்.

ஆகவே அண்ணனும் நானும் சேர்ந்து சில பொருட்களை வாங்க எண்ணியுள்ளோம்: பம்பிக்கு வைபை மூலம் இயங்கும் ஸ்மார்ட் பிளக், மண்டபத்தில் ஒரு கமரா, குரலால் ஏற்றி அணைக்கும் மின்குமிழ்கள், ரிமோட்டில் இயங்கும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள) மின்விசிறி. இவையெல்லாம் வெளிநாட்டுக்காரரின் ஆடம்பரம் என்று உறவினர் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அம்மியை விட்டுக் கிரைண்டருக்கு மாறிய நாட்களிலும் எங்கள் ஊரில் இதே பேச்சுத்தான் இருந்தது. இன்று கிரைண்டர் இல்லாத வீடு எத்தனை? பயன்படுத்திப் பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அக்கரைப்பற்று வயரிங்காரர்

தம்பி, நீங்கள் சொன்ன நான்கில் மின்விசிறியை வாங்குங்கள். பம்பிக்கு வைபை பிளக் பூட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். 22 ஆண்டுகளாக இந்தக் கரையோரத்தில் வயரிங் வேலை செய்கிறேன், கண்டதைச் சொல்கிறேன்.

அரைக் குதிரைவலு பம்பி ஓடும்போது ஏறத்தாழ நான்கு அம்பியர் எடுக்கும். ஆனால் தொடங்கும் அந்தக் கணத்தில் அதைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பத்து அம்பியர் என்று எழுதியிருக்கும் பிளக்கின் உள்ளே நகத்தளவு ரிலே (மின்சைகையால் இயங்கும் சிறு ஆளி) ஒன்று இருக்கிறது. நாள்தோறும் அந்த இழுவையைத் தாங்கும்போது அதன் தொடுமுனைகளில் தீப்பொறி பறந்து, ஒருநாள் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ஒரு பிளக்கைச் சென்ற மாதம்தான் பிரித்துப் பார்த்தேன். வீட்டுக்காரரின் போனில் "நிறுத்தப்பட்டது" என்று காட்டிக்கொண்டிருந்தது. பம்பியோ பின்வளவில் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் நீர் இறங்கி, வெறுங்காற்றை இறைத்து, சீல் கருகி நாற்றம் வந்த பிறகுதான் அவருக்கு விடயம் தெரிந்தது.

இன்னொன்று, கடற்காற்று. கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். வெளிச்சுவரில் பூட்டிய எந்தப் பெட்டியை ஓராண்டு கழித்துத் திறந்தாலும் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். பழைய தட்டாளியில் படிந்தால் அரத்தாளால் தேய்த்துக் கொடுத்துவிடலாம். அச்சிட்ட சுற்றுப்பலகையில் படிந்தால் குப்பையில்தான் போட வேண்டும். களிம்பு போதாதென்று எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறிவிடும். இரண்டு முனைகளுக்கு நடுவே காய்ந்து கிடந்த பல்லியை நான் எத்தனை பெட்டிகளில் எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

தாங்கி வழிவதற்கு மருந்து மிதவை ஆளி. நீர் மேலே வந்ததும் மிதவை உயர்ந்து சுற்றைத் துண்டிக்கும். கீழே இறங்கியதும் இணைக்கும். அதற்கு வைபையும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். பம்பியின் மின்னோட்டத்தை மிதவையின் வழியாக விடாமல், இடையில் ஒரு கொன்டாக்டரைப் பூட்ட வேண்டும் (பேருந்தில் சீட்டு எழுதுபவரைச் சொல்லவில்லை). பெரிய மின்னோட்டத்தை அது சுமக்கும். மிதவை அதற்குச் சைகை மட்டும் கொடுக்கும்.

கல்முனைப் பொறியாளன்

வயரிங்காரக் காக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன குறை, தவறான இடத்தில் தவறான பிளக்கைப் பூட்டியதன் குறையே அன்றி, ஸ்மார்ட் கருவிகளின் குறை அன்று. மிதவைக்குக் கொன்டாக்டர் போடலாம் என்றால், வைபை ரிலேக்கும் அதே கொன்டாக்டரைப் போடலாமே? பெட்டியை வீட்டுக்குள் பூட்டினால் கடற்காற்றின் பேச்சும் பெரிதாக எழாது.

தவிர, காக்கா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வழக்கமாக நம் ஊரில் மிதவை ஆளியைப் பூட்டுபவர்கள் 230 வோல்ட் கம்பியையே தாங்கித் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்கள். அந்தக் கம்பியின் உறை வெடித்தால் அம்மா குளிக்கும் தண்ணீரில் மின்சாரம் இருக்கும். வைபை பிளக் பம்பியைத்தான் கெடுக்கும்.

இணையம் போனால் கருவியும் போய்விடும் என்று பலர் சொல்வதும் முழு உண்மை அன்று. வெளிநாட்டுச் சேவையகத்தை நம்பாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவி எல்லாவற்றையும் இயக்கலாம். 2022 ஒக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரத்தின்படி செய்யப்பட்ட கருவிகளும் உள்ளூர் வலையமைப்பிலேயே ஒன்றோடொன்று பேசக்கூடியவை. தொழில்நுட்பத்தைக் குறைசொல்லுமுன் எதை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும்.

அக்கரைப்பற்று வயரிங்காரர்

மிதவை பற்றிய கேள்வி நியாயமானது. முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். தாங்கிக்குள் 230 வோல்ட்டை நான் இறக்குவதில்லை. சிறிய மின்மாற்றி ஒன்றையும் 24 வோல்ட் சுருள் உள்ள கொன்டாக்டரையும் பூட்டினால், தாங்கிக்குப் போகும் கம்பியில் 24 வோல்ட் மட்டுமே இருக்கும். அதற்கு மேலும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். இதைச் செய்யும் வீடு நூற்றுக்கு ஒன்று இருந்தால் அதிசயம்.

ஆனால் பொறியாளத் தம்பி, களுவாஞ்சிகுடியில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டில் அந்தச் "சிறு கணினி" உறைந்து நின்றால் அதை யார் நிமிர்த்துவது? நீங்கள் கல்முனையிலிருந்து பேருந்தேறிப் போவீர்களா? மிதவை கெட்டால் ஊரில் உள்ள எந்த வயரிங்காரனும் அரை மணித்தியாலத்தில் மாற்றிவிடுவான்.

ஆரையம்பதி ரீச்சர்

நீங்கள் மூவரும் பம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த அம்மாவின் வயதை நெருங்கிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் நானும் சிலவற்றை எழுதுகிறேன்.

கருவிகளுக்கு நான் எதிரி அல்லள். மணிக்கட்டு வலி வந்த பிறகு துருவலையில் ஏறி உட்கார முடியாமல் போய், மேசை விளிம்பில் பூட்டும் மின்சாரத் தேங்காய்த் துருவியை வாங்கினேன். பாதித் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்து, சுழலும் பல்லுருண்டையில் மெல்ல அழுத்தித் திருப்ப வேண்டும். சிரட்டையின் கறுப்பு விழுமுன் கையை எடுத்துவிட வேண்டும். முதல் வாரம் பயமாக இருந்தது. இப்போது காலைப் பிட்டுக்கு இரண்டு நிமிடத்தில் பூ தயாராகிவிடுகிறது. அதில் திரையும் இல்லை, செயலியும் இல்லை. ஒரே ஒரு ஆளிதான்.

மின்விசிறி பற்றித் தம்பி சொன்னதும் சரியே. எங்கள் பழைய விசிறி 75 வாட். புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட். நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 27 அலகு செலவான இடத்தில் ஏறத்தாழ 11 அலகு ஆகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவெல்லாம் விசிறி சுழல வேண்டியிருக்கிறது. விடியற்புறம் குளிர் தட்டும்போது எழுந்து சுவர்வரை நடக்காமல் ரிமோட்டால் குறைத்துவிடலாம். இரவில் எழுந்து நடக்கும்போதுதான் எங்கள் வயதுக்காரர் விழுகிறோம்.

குரலால் ஏற்றும் மின்குமிழை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரப்பிள்ளைகள் வந்தால் விளையாடுவார்கள், அவ்வளவுதான்.

கமரா வேண்டாம். என் மகளும் ஒன்றை அனுப்பினாள், மண்டபத்தில் பூட்டினோம். ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது: "அம்மா, இன்னும் ஏன் சாப்பிடவில்லை?" அடுத்த வாரம், "அந்தப் பழைய சட்டையை ஏன் இன்னும் உடுத்துகிறீர்கள்?" அவள் அன்பாகத்தான் கேட்டாள். ஆனாலும் என் வீட்டு மண்டபத்தில் கால் நீட்டி உட்காரக் கூச்சமாகிவிட்டது. இப்போது அந்தக் கமராவின் மேல் சமையலறைத் துவாய் ஒன்று தொங்குகிறது.

களுவாஞ்சிகுடியான்

ரீச்சர், உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் என் அம்மா ஒரு மணித்தியாலம் படியில் கிடந்தார். அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்கும்போது, கூச்சம் போன்றவற்றை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. கமரா இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

ஆரையம்பதி ரீச்சர்

எப்படித் தெரிந்திருக்கும் தம்பி? கமராவை மண்டபத்தில் வைக்கப் போவதாக எழுதினீர்கள்; அம்மா விழுந்தது பின்வாசற்படியில். பின்வாசலிலும் வைத்தால் அடுத்த முறை குளியலறையில் விழலாம், அங்கேயும் வைப்பீர்களா? அதோடு, அந்த நேரத்தில் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கவும் வேண்டும். முதலில் அந்தப் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பியைப் பூட்டினீர்களா?

களுவாஞ்சிகுடியான்

இல்லை, ரீச்சர். இன்னும் பூட்டவில்லை.

கல்முனைப் பொறியாளன்

கமரா விடயத்தில் நான் ரீச்சரின் பக்கம். ஆனால் படம் பிடிக்காமலேயே ஒருவர் நடமாடுகிறாரா என்று அறிய வழி இருக்கிறது. மின்செலவை அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றைப் பம்பிக்குப் பூட்டாமல் கேத்தலுக்குப் பூட்டுங்கள். அம்மா காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்ததும் உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும். ஏழரை மணிவரை வராவிட்டால் நீங்கள் அழைக்கலாம். அவர் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவை அழைக்கலாம். அம்மாவின் சட்டை பழையதா புதியதா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அக்கரைப்பற்று வயரிங்காரர்

இதை நான் எதிர்க்கவில்லை. கேத்தல் பம்பியைப் போலத் தொடக்கத்தில் இழுக்காது. ஆனால் 2,000 வாட் கேத்தல் ஏறத்தாழ ஒன்பது அம்பியரைத் தொடர்ந்து எடுக்கும். பத்து அம்பியர் பிளக்கில் அது விளிம்பில் நிற்கும். 13 அம்பியராவது தாங்கும் பிளக்கை, தளர்வில்லாத நல்ல சொக்கெட்டில் பூட்டுங்கள். பழைய வீட்டு உருண்டைத் துளைச் சொக்கெட்டில் மாற்றி முளை ஒன்றைச் செருகி, அதன்மேல் இதைச் செருகுவது கூடாது. சூடேறி உருகிய மாற்றி முளைகளை வேண்டிய அளவு பார்த்துவிட்டேன். தண்ணீர் இல்லாத கேத்தலைப் போன் மூலம் தொலைவிலிருந்து ஏற்றும் விளையாட்டும் வேண்டாம்.

மின்வெட்டையும் மறந்துவிட வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நின்றது. அப்படியான காலையில் கேத்தலும் கொதிக்காது, ரௌட்டரும் வேலை செய்யாது, செய்தியும் வராது. தம்பி கொழும்பில் பதறிக்கொண்டிருப்பார். அம்மா விறகடுப்பில் தேநீர் வைத்துக் குடித்திருப்பார்.

கல்முனைப் பொறியாளன்

ரௌட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றைப் பூட்டினால் சில மணித்தியாலங்கள் தாங்கும். ரௌட்டர் எடுப்பது பத்து வாட் அளவுதான். விசிறிக்கும் வழி உண்டு. 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈய அமில மின்கலத்தில் 1,200 வாட் மணி இருக்கிறது. அதில் பாதியை மட்டும் எடுத்தாலும், இழப்புப் போக, 30 வாட் விசிறி 16 மணித்தியாலம் அளவில் ஓடும். பழைய 75 வாட் விசிறி அதில் பாதி நேரம்கூட ஓடாது. ஆனால் கேத்தலை அந்த மின்கலத்தில் கொதிக்க வைக்க நினைக்க வேண்டாம். வீட்டு இன்வேர்டர்கள் பெரும்பாலும் அதைத் தாங்கமாட்டா.

மின்வெட்டு நேரத்தில் செய்தி வராது என்பது உண்மை. அதற்காக மற்ற நாட்களில் கிடைப்பதையும் விட்டுவிட வேண்டுமா என்பதில் காக்காவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

களுவாஞ்சிகுடியான்

நேற்று இரவு அம்மாவுடன் நீண்ட நேரம் பேசினேன். இந்த விவாதத்தில் எல்லோரும் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பம்பிக்கு மிதவையைப் பூட்டச் சம்மதித்தார். விசிறியையும் ஏற்றுக்கொண்டார். படிக்குக் கைப்பிடி போடுவதற்கு மேசனிடம் தாமே சொல்லிவிட்டாராம். கமராவைப் பற்றிக் கேட்டதும், "ரீச்சரம்மா சரியாகத்தான் எழுதியிருக்கிறா" என்றார்.

கேத்தல் விடயத்தில்தான் சிக்கல். அண்ணன் வாங்கி அனுப்பிய கேத்தல் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். காலைத் தேநீரை இன்றுவரை அடுப்பில்தான் வைக்கிறார். "உனக்குச் செய்தி வரவேண்டும் என்பதற்காக நான் அதில் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டுமா?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. சிறிது நேரம் கழித்து, ஏழு மணிச் செய்திக்கு நாள்தோறும் தொலைக்காட்சி போடுவதாகவும், வேண்டுமென்றால் அதற்குப் பூட்டிக்கொள் என்றும் அவரே சொன்னார். பொறியாளத் தம்பி, அந்தப் பிளக்கால் தொலைக்காட்சியின் மின்செலவையும் அளக்க முடியுமா?

காக்கா, தாங்கி ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி. கூரையிலிருந்து பம்பிவரை ஏறத்தாழ 40 அடி வரும். என்ன கம்பி வாங்க வேண்டும்?

கல்முனைப் பொறியாளன்

முடியும். தொலைக்காட்சி அணைந்திருக்கும்போது மிகச் சிறிதளவே எடுக்கும். போட்டதும் அளவு தெளிவாக உயரும். முதல் வாரம் எண்களைப் பார்த்துவிட்டு எல்லையைக் குறியுங்கள். அம்மா சுவரிலுள்ள ஆளியையும் அணைக்கும் பழக்கமுள்ளவரா என்பதை மட்டும் கேளுங்கள். அணைத்தால் பிளக்கும் உறங்கிவிடும்.

அக்கரைப்பற்று வயரிங்காரர்

மிதவைக்குப் போவது 24 வோல்ட் சைகைதான். இரண்டு இழைகள் கொண்ட 0.75 சதுர மில்லிமீற்றர் கம்பி போதும். வெறும் கம்பியாகக் கூரையில் இழுக்க வேண்டாம். வெயிலில் உறை வெடிக்கும், அணிலும் கடிக்கும். பிவிசி குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். கிணறு ஆவணியில் வற்றுவதாக இருந்தால் கிணற்றுக்குள்ளும் ஒரு மிதவையைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் குறைந்ததும் பம்பி தானாக நிற்கும். கொன்டாக்டர் பெட்டியை வீட்டின் உட்சுவரில் பூட்டி, குழாயின் இரண்டு முனைகளையும் நன்றாக அடைத்துவிடச் சொல்லுங்கள். பல்லி வேறு வீடு பார்க்கட்டும்.