புதுப்பிப்பு: அம்மாவின் சந்தாப் பணம் வந்துவிட்டது

ஒரு செயலிச் சந்தாவை அதன் இலவசக் காலம் முடியும் முன்பே ரத்து செய்தும் அம்மாவின் அட்டையில் 39 ரிங்கிட் 90 சென் பிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். அப்புறம் நடந்தது இன்னும் கூத்து. சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்தில் போன் லைன் கிடைக்காமல் கோயில் முச்சந்தியில் நின்று அந்த நிறுவனத்தோடு பேசினேன். வாடிக்கையாளர் சேவைப் பெண் "ரத்து செய்துவிட்டேன் அண்ணா" என்றார். நிறுத்தியது தம்பியின் சந்தாவை!

ரத்து உறுதி மின்னஞ்சலைப் படம்பிடித்து அனுப்பி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் மலேசிய அமைப்பு) போவேன் என்று ஒரு வரி சேர்த்தேன். மனுக் கட்டணம் வெறும் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். மறுநாளே மன்னிப்பு, பணம் எல்லாம் வந்தது.

செயலியை அழித்தால் போதுமா என்று கேட்ட அக்காவுக்கு: போதாது, சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும். தம்பியின் சந்தா இன்னும் திரும்பவில்லை. அவன் என்னோடு பேசுவதில்லை.