எஸ்.எஸ். பிரான்ஸை அலங்கில் உடைத்தது சரிதானா?

நீராவிப்பிரியன்:
அமெரிக்காவின் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் பயணிகள் கப்பலை ஃபுளோரிடாவின் ஒகலூசா கவுண்டி 10 லட்சம் டாலருக்கு வாங்கி, மீன்கள் அடையும் செயற்கைத் திட்டாகக் கடலில் மூழ்கடிக்க முடிவு செய்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 1952இல் முதல் பயணத்திலேயே மூன்றரை நாளுக்குள் அட்லாண்டிக்கைத் தாண்டிய கப்பல். 1969இல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 1996 முதல் பிலடெல்பியாவில் கட்டிப்போட்டு, பெயின்ட் உரிந்து, துருவேறிக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கிருந்து இழுத்துப் போனார்கள்.

ஆனால் நான் கேட்க வந்தது இன்னொரு கப்பலைப் பற்றி. நம் குஜராத்தின் அலங் கரையிலேயே எஸ்.எஸ். பிரான்ஸைத் துண்டு துண்டாக வெட்டினோம். 1960இல் பிரெஞ்சு அதிபர் டிகாலின் மனைவி தண்ணீரில் இறக்கிவைத்த கப்பல். நீளம் கிட்டத்தட்ட 316 மீட்டர். குயின் மேரி 2 வரும்வரை அதைவிட நீளமான பயணிகள் கப்பல் உலகத்தில் இல்லை. அதைக் காயலான் கடைக்குப் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பட்டறைக்காரன்:
சார், பிரான்ஸ் அலங்கில் சாகவில்லை. அது 1974லேயே செத்துவிட்டது. எண்ணெய் விலை ஏறியது, ஜனங்கள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள், பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியது. ஊழியர்கள் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுக வாசலிலேயே கப்பலைக் கைப்பற்றிப் போராடியும் பலிக்கவில்லை. அப்புறம் நாலு வருஷத்துக்கு மேல் ஒதுக்குப்புறமான துறையில் கிடந்தது. ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயரே 'மறதித் துறை'.

1979இல் நார்வேக்காரர் குனூட் குளோஸ்டர் 1.8 கோடி டாலருக்கு வாங்கினார். நாலு புரொப்பெல்லரில் இரண்டைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, 'நார்வே' என்று பெயர் மாற்றி கரீபியனில் ஓட்டினார்கள். பிரான்ஸ் நாடு 12 வருஷம் ஓட்டிய கப்பல், அவர்களிடம் 23 வருஷம் ஓடியது! 2003 மே 25 அன்று மயாமியில் கொதிகலன் வெடித்து ஊழியர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். அதன் பிறகு அதை யார் என்ன செய்திருக்க வேண்டும்?

மியூசியம் என்று சொல்வது சுலபம். அமெரிக்காவின் லாங் பீச்சில் 1967 முதல் நிற்கும் பழைய குயின் மேரி கப்பலைப் பாருங்கள். அவசரப் பழுதுகளுக்கு மட்டும் 2.3 கோடி டாலர் வேண்டும் என்று 2021இல் ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் நிற்கிற இரும்பு கோயில் கோபுரம் மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் நிற்காது.

கரைமணல்:
இரண்டு பேரும் கப்பலைப் பற்றியே பேசுகிறீர்கள். உடைத்த ஆட்களைப் பற்றி யாராவது பேசுங்கள்.

அந்தக் காலக் கப்பலில் நீராவிக் குழாய், கொதிகலன், சுவர்ப் பலகை எல்லாவற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். அதற்குள் அந்தத் தொழிலாளி ஒடிசாவிலோ பீகாரிலோ தன் ஊருக்குத் திரும்பியிருப்பார். எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

பிரான்ஸை 'புளூ லேடி' என்ற பெயரில்தான் இங்கே கொண்டுவந்தார்கள். வங்கதேசம் உள்ளேயே விடவில்லை. 2006இல் அலங்கில் கரையேற்றினார்கள், 2007 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உடைக்க அனுமதித்தது. அதே 2006இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் கிளெமான்சோவை இதே கல்நார்ப் பிரச்சினைக்காக அந்நாட்டு அதிபரே திரும்ப அழைத்துக்கொண்டார். தன் கடற்படைக் கப்பலுக்கு ஒரு நியாயம், பெயர் மாறிப்போன கப்பலுக்கு வேறு நியாயமா?

பட்டறைக்காரன்:
கல்நார் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அது உடைக்கிற முறையின் குற்றம். மணலில் ஏற்றி வெட்டாமல், தண்ணீரை இறைத்துவிட்ட உலர் துறையில் வைத்து, முதலில் கல்நாரைப் பிரித்தெடுத்து உடைக்கலாம். அதற்குச் செலவழிக்க யாரும் தயாராக இல்லை என்பதுதான் நிஜம். கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கை 2009இல் ஏற்கப்பட்டும் 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

உடைப்பதையே பாவம் என்று சொல்லாதீர்கள். டைட்டானிக்கின் அக்கா ஒலிம்பிக்கை 1935இல் இங்கிலாந்தின் ஜாரோவுக்கு அனுப்பியதே அங்கே வேலை இல்லாமல் தவித்தவர்களுக்காகத்தான்.

நீராவிப்பிரியன்:
ஜாரோவை நீங்களே இழுத்தீர்கள், சரி. ஒலிம்பிக் வந்து அடுத்த வருஷம், 1936 அக்டோபரில், அதே ஊரிலிருந்து சுமார் 200 பேர் வேலை கேட்டு லண்டன் வரைக்கும் நடந்தார்கள். ஒலிம்பிக்கின் உடலை அப்போது இன்னும் வெட்டி முடிக்கவில்லை! அந்த ஊரின் கப்பல் கட்டும் தளத்தை மூடிவிட்டு ஒரு கப்பலை உடைக்கக் கொடுத்தால் ஊர் எப்படிப் பிழைக்கும்?

ஓதக்காற்று:
நான் சில வருஷம் முன்னால் அலங் பக்கம் போயிருந்தேன். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் உயரும்போது கப்பலை வேகமாக ஓட்டிக் கரையேற்றிவிடுவார்கள். வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. தளத்துக்குள் விடவில்லை. ஆனால் திராபஜிலிருந்து அலங் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கடைகள்தான். ஒரு கடையில் கட்டில் மட்டும், ஒன்றில் லைஃப் ஜாக்கெட் மட்டும், ஒன்றில் பீங்கான் மட்டும். ஒரு கேபின் கதவைத் தடவிப் பார்த்தேன். எண் பலகை அப்படியே இருந்தது. கைப்பிடிக்குக் கீழே பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. எத்தனை பேர் அதைத் தள்ளித் திறந்திருப்பார்கள்! அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனாலும் நான் பட்டறைக்காரன் பக்கம்தான். முழுக் கப்பலைக் காப்பாற்றப் போய் ஒன்றுமே மிஞ்சாமல் போவதைவிட, துண்டுகளாவது நல்ல இடம் போய்ச் சேரட்டும். ஒலிம்பிக்கின் மரவேலைப்பாடுகள் இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் வைட் ஸ்வான் ஹோட்டல் சுவரில் இருக்கின்றன. நியூயார்க்கில் எரிந்துபோன நார்மண்டி கப்பலின் கதவுகள் புரூக்ளினில் லெபனான் கிறிஸ்தவர்களின் தேவாலயத்தில் இருக்கின்றன. பிரான்ஸ் கப்பலின் மூக்கை, அதாவது முன்முனையை, 2009இல் பாரிஸில் ஏலம் விட்டார்கள், இப்போது லெ ஆவ்ர் கரையில் நிற்கிறது.

நாகைப்பேத்தி:
நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எல்லோரும் சொல்கிற கப்பல்களுக்கு மூக்காவது மிஞ்சியது. எங்கள் ரஜூலாவை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 1926இல் கிளாஸ்கோவில் கட்டி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். கேபின் இல்லாத தளத்துப் பயணிகளாகவே ஐயாயிரம் பேர் ஏறலாம். 1973இல் நம் அரசின் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் வைத்தது. மறு வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள்.

அதில் சலவைக்கல் மண்டபமோ கண்ணாடி ஓவியமோ கிடையாது, ஏலத்தில் எடுக்க யார் வரப்போகிறார்கள்? எங்கள் ஆத்தா அதில்தான் பாய் விரித்துப் படுத்து பினாங்கு போனாள். ஓதக்காற்று அண்ணே, எந்தத் துண்டு நல்ல இடம் போய்ச் சேரும் என்பதைக் காசுள்ளவர்கள்தானே முடிவு செய்கிறார்கள்?

ஓதக்காற்று:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, தங்கச்சி. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை.

நீராவிப்பிரியன்:
நானும்தான். யுனைடெட் ஸ்டேட்ஸுக்காக இவ்வளவு வருத்தப்பட்ட நான் ரஜூலாவை உடைத்தது எந்த ஊரில் என்றுகூடத் தேடிப் பார்த்ததில்லை. ஆத்தாவின் டிக்கெட், பெட்டி ஏதாவது வீட்டில் இருக்கிறதாம்மா?

நாகைப்பேத்தி:
தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது, அரிசி போட்டு வைத்திருக்கிறோம். மூடியில் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்துவிட்டது, 'பினாங்கு' மட்டும் தெரியும். அம்மாவிடம் கேட்டு அரிசியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு நாளைக்குப் படம் போடுகிறேன்.